கனமான இனிப்பு

ஜப்பானில் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்பே விடிந்துவிடுகிறது. நான் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கியதற்கு உண்மையான காரணம் இதுதான். வேலையில் முன்னேற்றம், வேற்றுப் பண்பாட்டை அறியும் ஆவல் என்றெல்லாம் வகுப்பில் முதல் நாள் சொன்னேன். அவையும் பொய்யில்லை. ஆனால் அவை பிறகு வந்தவை. முதலில் வந்தது கடிகாரம்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில். வீடு ஆஸ்டின் டவுனில். கார்களின் முன்பக்கத் திரையில் ஓடுகிற மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. கிளையன்ட் ஜப்பானில் நகோயா பக்கத்து நிறுவனம். அவர்கள் அலுவலகம் திறக்கும்போது நாங்களும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், இருட்டு பிரிவதற்கு முன்பே கேப் வந்து தெருமுனையில் நிற்கும். டோல் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் கிழக்கே லேசாக வெளுக்கும். அதற்குப் பலன் மாலையில் கிடைத்தது. நான்கு மணிக்கெல்லாம் ஆஸ்டின் டவுனில் இறங்கிவிடுவேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் டே-கேரில் என் மகள் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து அவள் தூங்கும் வரை உள்ள நேரம் முழுவதும் எங்கள் இருவருக்கு மட்டும்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. மாமியார் மூத்த மகனோடு வேலூரில் இருக்கிறார். அம்மாவால் உடம்பு முடியாத அப்பாவை விட்டு வர முடியாது. கணவர் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். காலையில் குழந்தையை டே-கேரில் விடுவது அவர். மாலையில் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

எங்கள் நிறுவனத்தின் மற்ற தளங்களில் எல்லோரும் அமெரிக்காவுக்காக வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய நாள் மாலையில் தொடங்கும். நான் இறங்குகிற அதே கேபில் ஏறிப்போகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் பள்ளிக்குப் போகிற வயதில் ஒரு பையன். நான் இறங்குவேன், அவள் ஏறுவாள். "வரேன்ங்க" என்பாள். "சரிங்க" என்பேன். நான் இருந்த சீட்டின் சூடு ஆறும் முன் அவள் அதில் உட்கார்ந்துவிடுவாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்க்காமல் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. அது தொற்றக்கூடியது போல, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடப்பேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது டீம் லீட் சொன்னார், "ஜப்பான் டீம்ல எடம் இருக்கு. ஆனா அவங்க பாஷை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்னு கேக்குறாங்க. யாராவது கத்துக்கிட்டா..." அவர் முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அவர் கிருஷ்ணகிரிக்காரர். நல்ல மனிதர். அன்றிலிருந்து என்னை ‘ஜப்பான் மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்.

வகுப்பு சனிக்கிழமைகளில், சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்தது. கீழே பேரம் பேசுகிற குரல்களும் பஸ் ஸ்டாண்டின் ஹாரனும் கேட்கும். மேலே நாங்கள் எழுத்துகளை எழுதிப் பழகுவோம். சொல்லித்தந்தவர் என் வயதுப் பெண், கன்னடக்காரர், கணவரின் வேலைக்காக ஒசாகாவில் சில வருடம் இருந்தவர். தமிழும் ஓரளவு பேசுவார். "பாஷை பாதி, மத்தது உடம்பு" என்பது அவருடைய கட்சி. எப்படிக் குனிவது, விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையால் வாங்குவது, எதிரில் இருப்பவர் பேசும்போது எங்கே தலையசைப்பது என்று எங்களை நிற்க வைத்துப் பழக்குவார். விருந்தாளியை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டால், கதவு மூடும் வரை குனிந்தபடி நிற்க வேண்டும். காரில் வழியனுப்பினால், கார் திருப்பத்தில் மறையும் வரை. "நடுவுல தலை தூக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. அவங்க போயிட்டாங்களான்னு பார்க்கிற மாதிரி ஆயிடும்" என்பார்.

நான் அதை வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் பழகினேன். மகளும் என் பக்கத்தில் வந்து நின்று குனிவாள். இரண்டரை வயதுக் குழந்தைக்குத் தலை கனம். சில சமயம் அப்படியே குட்டிக்கரணம் அடித்துவிடுவாள். சனிக்கிழமை நான் ஆட்டோ ஏறும்போது அவள் அப்பாவோடு பால்கனியில் நிற்பாள். நான் கையசைத்தால் கையசைக்க மாட்டாள். கம்பிக்குப் பின்னால் குனிந்துகொள்வாள். ஆட்டோ மூலை திரும்பும் வரை நிமிர மாட்டாள் என்று கணவர் சொல்வார். "ஒத்தக் கொழந்தைய ஜப்பானுக்கு வித்துட்ட" என்று சிரிப்பார்.

எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தும். ஏதோ தொட்டுச் சொல்லிவிட்டாரோ என்று ஆட்டோ முழுக்க யோசித்துக்கொண்டு போவேன். நான் அப்படித்தான்.

பரிசுகளைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. அங்கே இனிப்பு எதற்கெல்லாம் கொடுக்கப்படுகிறது என்று சொன்னார். ஊருக்குப் போய்வந்தால் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒன்றொன்றாகக் கொடுப்பார்கள். வேலையை விட்டுப் போகிறவர் கடைசி நாளில் கொடுப்பார். அப்புறம், மன்னிப்புக் கேட்கப் போகும்போதும்.

வகுப்பில் சிரிப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், "மன்னிப்பு கேக்கறதுக்கு எதுக்கு மேடம் ஸ்வீட்? ஸ்வீட்னா எனக்குக் கல்யாணம்னு அர்த்தம்" என்றாள்.

"ஹௌது, ஆமா, நமக்கு அப்படி" என்றார் அவர். "அங்க பெரிய தப்பு நடந்தா, இல்ல பெரிய உறவை முறிக்கணும்னா, போன்ல சொல்ல மாட்டாங்க. நேர்ல வருவாங்க. கறுப்பு சூட். தனியா வர மாட்டாங்க, மேலதிகாரியும் கூட வருவாரு. கையில நல்ல கடையோட பெட்டி. உள்ள யோகான் இருக்கும். பயறு அரைச்சு செங்கல் மாதிரி செஞ்ச இனிப்பு. பிஸ்கட், கேக்கெல்லாம் இதுக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. லேசா இருந்தா மன்னிப்பும் லேசாத் தெரியுமாம். தூக்கறப்போ கை தாழணும்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மறந்தும் போனேன்.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு திங்களும் நகோயாவிலிருந்து எங்களோடு வீடியோவில் பேசுபவர் ஒரு நரைத்த தலை மேனேஜர். வேலைப் பேச்சுக்கு முன் பெங்களூரில் மழையா என்று கேட்பார். என் மகளுக்கு ஒரு தடவை இருமல் என்று தற்செயலாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல வாரங்கள் "இருமல் எப்படி?" என்று மெதுவான ஜப்பானிய மொழியில், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்பார். அந்தக் கேள்வியால்தான் எனக்கு அந்த மொழி பிடித்துப்போனது.

ஒரு திங்கள் அவர் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த திங்களும் இல்லை. இருமலும் போய்விட்டது. பேச்சு நேராக வேலைக்கு வந்தது, சீக்கிரம் முடிந்தது. முடியும்போது மட்டும் அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தார். திரையில் அவருடைய உச்சந்தலை தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது, ஒரு மனிதர் குனிகிறார். ஆனால் எனக்கு அந்த உச்சந்தலை நாள் முழுக்கக் கண்ணில் நின்றது.

பிறகு ஒரு வேண்டுகோள் வந்தது. நாங்கள் செய்கிற ஒவ்வொரு சோதனையையும், இந்த வேலையை முன்பின் பார்த்திராத ஒருவர் படித்தாலும் செய்யும்படி, திரைப் படங்களோடு எழுதித் தரவேண்டும். நான்தான் எழுதினேன். மிக நன்றாக எழுதினேன். ஜப்பானியத் தலைப்புகள்கூட வைத்தேன். பாராட்டு வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது அது பாராட்டாகத் தெரியவில்லை.

"சார், இவ்வளவு விவரம் எதுக்குக் கேக்குறாங்க?" என்று லீடிடம் கேட்டேன்.

"டீம் பெரிசாகப் போகுது மேடம். புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெயினிங் வேணாமா?"

"நம்மகிட்ட சேர்றவங்களுக்கா சார்?"

"பின்ன, பக்கத்து டீக்கடையில சேர்றவங்களுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். நான் எதையும் முழு நம்பிக்கையோடு சொல்கிற ஆள் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தாலும் தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்ப்பேன். சந்தேகமே என் சுபாவம் ஆகிவிட்டபோது, எந்தச் சந்தேகம் நிஜம் என்று எப்படிப் பிரித்தறிவது?

கடைசியில் அந்த மின்னஞ்சல் வந்தது. நரைத்த மேனேஜர் பெங்களூருக்கு வருகிறார். அடுத்த வாரமே. கூடவே அவருடைய மேலதிகாரி. அந்தப் பெரியவரை நாங்கள் திரையில்கூடப் பார்த்ததில்லை. குழுவினர் எல்லோரும் ஒரே அறையில் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கடைசி வரியில் அவர்களுடைய செயலாளர் எழுதியிருந்தார்: சைவம் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள் என்று அறிகிறோம், பயறில் செய்த இனிப்பு என்றால் எல்லோரும் சாப்பிடலாம் அல்லவா?

லீட் அந்த மின்னஞ்சலைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய சமயம் அது. "பெரிய தலையே வருது. ஸ்வீட்டோட வருது. இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்றார். கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். நானும் தட்டினேன்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மேசைக்குப் போனேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். தப்பா இருந்தா விட்டுடுங்க. அவங்க ஊர்ல ஸ்வீட் எப்பவும் நல்ல சேதிக்கு இல்ல. மன்னிப்பு கேக்க வரும்போதும் கொண்டு வருவாங்க. மேலதிகாரியோட வந்தா... அது வேற மாதிரி."

"யார் சொன்னது?"

"கிளாஸ்ல."

"கிளாஸ்ல ஆயிரம் சொல்வாங்க. சரி, நீங்களே சொல்லுங்க, கன்ஃபர்மா தெரியுமா?"

தெரியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "தெரியாது சார்."

"அப்ப விடுங்க. டீம்கிட்ட இதெல்லாம் சொல்லிப் பீதி கெளப்பிடாதீங்க. வெல்கம் க்ராண்டா செய்யலாம். மைசூர் பேட்டா, சந்தன மாலை, எல்லாம் சிக்பேட்டையில சொல்லிட்டேன்."

மைசூர் பேட்டா என்பது பட்டும் ஜரிகையும் வைத்த தலைப்பாகை. இந்த ஊரில் மேடை ஏறுகிற யார் தலையிலும் அதை வைத்துவிடுவார்கள். ஓய்வு பெறுகிறவர், மந்திரி, வெளிநாட்டு விருந்தாளி, எல்லோருக்கும் ஒரே அளவு. மன்னிப்புக் கேட்க வருகிறவருக்கு வைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"நீ ரொம்ப யோசிக்கிற. போன மாசம் பாப்பா நடக்கிறது ஒரு பக்கமா சாயுதுன்னு டாக்டர்கிட்ட போன. செருப்பு பத்தலைன்னு அனுப்பினாரு."

"இது செருப்பு இல்லைங்க."

"சரி, புராஜெக்ட் போச்சுன்னே வை. உன் வேலை போகாதுல்ல? வேற டீம்ல போடுவாங்க."

"வேற டீம் எல்லாம் நைட்டுங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அதுவரை அவருக்கு அது தோன்றவில்லை என்று தெரிந்தது. எங்கள் மகள் தரையில் உட்கார்ந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள். அவை சரிந்து விழுந்த சத்தத்தில் இருவரும் திடுக்கிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சரைத் தனியாகப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மழை பற்றிக் கேட்காதது, உச்சந்தலை, கையேடு, பயறு இனிப்பு. ஒவ்வொன்றாகச் சொல்லும்போது எனக்கே சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. அவர் சிரிக்காதது பயமாக இருந்தது.

"ரெண்டும் இருக்கலாம்" என்றார். "முதல் தடவை வர்றவங்களும் ஸ்வீட் கொண்டு வருவாங்க. பெரியவரும் வரலாம். இங்கேருந்து என்னால சொல்ல முடியாது. பெட்டிய உங்க கையில வாங்கறப்போ உங்களுக்கே தெரிஞ்சிடும்."

படியிறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார். "அன்னைக்கு நீங்கதானே இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லப்போறீங்க? அவர் சொல்றார், அவர் சொல்றார்னு சொல்லக் கூடாது. நான்னே சொல்லணும். அவரோட வாய் நீங்க. மறக்காதீங்க."

அவர்கள் வந்த காலையில் வானம் மூடியிருந்தது. ரிசப்ஷனில் சாமந்தியால் ரங்கோலி போட்டிருந்தார்கள். எங்கள் குழுப் பெண்கள் எல்லோரும் பட்டுப் புடவை. நானும் கட்டியிருந்தேன். கட்டும்போது வேண்டாம் என்று கை சொன்னது. எல்லோரும் கட்டும்போது நான் மட்டும் சுடிதாரில் போனால் என்ன நினைப்பார்கள் என்று மனம் சொன்னது. வழக்கம்போல் மனம் ஜெயித்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கார் நின்றது. இருவர் இறங்கினார்கள். கறுப்பு சூட். பெங்களூருக்கு வருகிற வெளிநாட்டு விருந்தாளிகள் பெரும்பாலும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார்கள். இவர்களுடைய கழுத்துப் பொத்தான்கூடத் திறந்திருக்கவில்லை. நரைத்த மேனேஜர் என்னைப் பார்த்தார். திரையில் தெரிந்ததைவிட உயரம் குறைவாக இருந்தார். கண்ணை உடனே தாழ்த்திக்கொண்டார்.

கையிலிருந்த காகிதப் பையிலிருந்து, துணி சுற்றிய பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

கை தாழ்ந்தது.

புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவும் அளவுக்குத் தாழ்ந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு கனம் இருக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். என் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதும் இப்படித்தான் இருந்தது. பார்த்ததைவிடக் கனம்.

லீட் பேட்டாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், வேணாம் சார்" என்றேன், உதடு அசையாமல்.

"என்ன வேணாம்?"

"பேட்டா வேணாம். ப்ளீஸ்."

"ஃபோட்டோ எடுக்கிறாங்க, சிரிங்க மேடம்" என்றார்.

பெரியவர் தலையில் பேட்டாவை வைத்தார். மாலை போட்டார். மேனேஜர் தலையிலும் இன்னொன்று. இரண்டு ஜப்பானியர்களும் அசையாமல் நின்றார்கள், ஊசி போடும்போது நிற்கிற குழந்தைகள் மாதிரி. கேமரா மின்னியது. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். யாரோ நாதஸ்வரத்தைப் போனில் ஓடவிட்டிருந்தார்கள்.

மாநாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் உட்காரவில்லை. மேசைக்கு அந்தப்புறம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் சலசலப்பு குறைந்தது. பெரியவர் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தார். ஆழமாகக் குனிந்தார். தலையிலிருந்த பேட்டா கழன்று, மேசையில் ஒருமுறை உருண்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. அவர் நிமிரவில்லை. ஒரு கையால்கூட அதைப் பிடிக்கப் போகவில்லை. பின்வரிசையில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். சாய்ந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் மேசை ஓரத்துக்குப் போய்ச் சொட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் நிமிர்ந்து பேசத் தொடங்கினார். என்னைப் பார்த்தார்கள் எல்லோரும்.

நான் எழுந்து நின்றேன். டீச்சர் சொன்னது நினைவிருந்தது. "நான் மிகவும் வருந்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். "இத்தனை வருடம் நீங்கள் எங்களுக்காக விடிவதற்கு முன் எழுந்திருக்கிறீர்கள். அதற்கு நான் இப்படிப்பட்ட பதிலைத் தர வேண்டியிருக்கிறது. இந்தப் பணியை இந்த நிதியாண்டோடு வியட்நாமில் உள்ள எங்கள் சொந்த மையத்துக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறேன். இதைக் கடிதத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எழுதித் தந்த கையேடு மிகச் சிறப்பானது. அதனால்தான் மாற்றுவது சாத்தியமானது. அதற்கும் நன்றி சொல்கிறேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. வகுப்பில் அவ்வளவு சரளமாக நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. என் வாயால் எனக்கும் மகளுக்குமான மாலைகளை நானே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். லீட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதை அல்ல, என்னை. இவள்தான் இதைச் செய்கிறாள் என்பது போல.

அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட நானும் லீடும் மட்டும் போனோம். உள்ளே போய்த் திரும்பி நின்ற மேனேஜர், அன்று முதல்முறையாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "மகளின் இருமல் எப்படி?"

"சரியாகிவிட்டது" என்றேன் அவர் மொழியில். அது போன வருடத்து இருமல்.

இருவரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். கதவு மூட வந்தது, யாரோ ஓடிவந்து பொத்தானை அழுத்த மறுபடி திறந்தது. ஹவுஸ்கீப்பிங் அம்மா வாளியும் துடைப்பமுமாக, "சாரி சார், சாரி சார்" என்று உள்ளே நுழைந்தார். குனிந்திருந்த நாங்கள் மூவரும் நிமிராமல் அப்படியே நின்றோம். வாளித் தண்ணீர் தளும்புவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது பெட்டியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கருஞ்சிவப்பாக, வழவழவென்று, செங்கல் செங்கலாக இருந்தது. "நெஜமாவே அல்வா குடுத்துட்டாங்கப்பா" என்றான் ஒருவன். சிரிப்பு வெடித்தது. அழுகிற மாதிரியான சிரிப்பு. லீட் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். "இனிப்பே கம்மி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னீங்க" என்றார். அதில் குற்றச்சாட்டு இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உறுதியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ? கேட்டிருந்தால்தான் என்ன மாறியிருக்கும்? ஒரு பேட்டா விழாமல் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

"யாருக்கும் வேலை போகாது" என்று அந்த வாரமே சொன்னார்கள். அமெரிக்க டீம்களில் எல்லோருக்கும் இடம் இருந்தது. நான் லீடிடம் போய்க் கேட்டேன், "காலை ஷிப்ட் வேற எதுலயும் இல்லையா சார்?"

"கம்பெனியில ஜப்பான் ஒண்ணுதான் மேடம் காலைல எந்திரிக்கும்" என்றார். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. "பாப்பாவ யார் பாத்துக்குவாங்க?"

"பாத்துக்கணும் சார்" என்றேன்.

வேறு வேலை தேடுகிறேன். சனிக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கணவர் கேட்டார். இந்த நகரத்தில் எங்காவது இன்னொரு காலைநேரக் குழு இருக்கக்கூடும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இருந்தால் அதுவும் ஒருநாள் பெட்டியோடு வரும் என்று மறுநாள் தோன்றுகிறது.

புதிய ஷிப்ட்டின் முதல் நாள், நான்கு மணிக்கு மகளை டே-கேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது அவளைக் கூப்பிட்டு வருகிற நேரம். போகிற திசை மாறியிருப்பதை அவள் பாதித் தெருவிலேயே கண்டுகொண்டாள். என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தாள். டே-கேர் ஆன்ட்டி, "பாரம்மா, பா, பா, வா கண்ணு, அப்பா வந்து கூட்டிட்டுப் போவாரு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக் கையை நீட்டினார். வீறிட்டு அழுவாள் என்று நினைத்து வந்திருந்தேன். அழுதால் என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். அவள் அழவில்லை.

கேப் டே-கேர் வாசலுக்கே வந்தது. அதே வண்டி, அதே டிரைவர். "என்ன மேடம், டைம் மாறிடுச்சா?" என்றார். ஜன்னலோரம், நான் இறங்கும்போது ஏறுகிற அந்தப் பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

வண்டி நகர்ந்தது. பின்கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். கிரில் கேட்டுக்குப் பின்னால் என் மகள் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக் குனிந்து நின்றாள். ஆன்ட்டி அவளைத் தூக்கப் பார்ப்பதும் அவள் உதறிக்கொண்டு மறுபடி குனிவதும் தெரிந்தது. மூலையில் ஒரு லாரி குறுக்கே நின்றதால் கேப் வெகுநேரம் திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

அவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.